சுரண்டப்பட்ட ழகரம்

பைரோஜா அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் மேசை பன்னிரண்டு வருடங்கள் அவருடையதாக இருந்தது. அவருடைய அத்தா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வந்த புத்தகங்களை வாசித்தே அக்கா எழுத்தைப் பழகினார். எழுதியவர் எழுதியதைத் தானாக மாற்றக்கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம்.

2007இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம் ஒன்று வந்தது. எழுதியவர் விருதுநகரில் கல்லூரி ஆசிரியர். அதில் ஒரு வரி: "மிக நெருங்கியிருக்கும் ராட்சதக் கோள், தன் விண்மீனை வேகமாகச் சுழற்றும்."

இரண்டாயிரம் பிரதியும் தைத்து முடித்த பிறகுதான் அது முதலாளி சீனிவாசகத்தின் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது? கோளு விண்மீனைச் சுளற்றுமா? சுற்றும்னுல்ல இருக்கணும். நடுவுல ஒரு ளானா எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"கையெழுத்துல அப்படித்தான் இருக்கு மொதலாளி. சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க."

"ஒத்த எளுத்துக்குப் போனா? ளானா நாக்குல வராத ஆளுக்கு அது எங்கன நிக்கணும்னு எப்படித் தெரியும்!"

முதலாளியின் நாக்கிலும் ழானா வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கம் திரும்பினார். "ஏலே காசிராஜா, நீ பி.எஸ்சி. பிசிக்ஸுல்ல? சொல்லு."

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். என் பாடப்புத்தகத்தில் சின்னது பெரியதைச் சுற்றும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. "சுற்றும்தான் சரி மொதலாளி" என்றேன். தெரிந்து சொன்னேனா, பட்டத்தை ஒரு முறையாவது காட்டிக்கொள்ளச் சொன்னேனா? இன்றும் விளங்கவில்லை.

அக்கா பைண்டிங் பக்கம் அனுப்பப்பட்டார். ஒவ்வொரு பிரதியிலும் அந்த ழகரத்தைப் பிளேடால் சுரண்ட வேண்டும். அவருடைய மேசை எனக்கு.

"இன்னைக்கு எம்புட்டுக் கொல செஞ்சீகக்கா?" என்று தாள் மடிக்கும் ராக்காயி கேட்பாள்.

"முந்நூறு. ஒண்ணுகூடக் கத்தல."

ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் ஏறி விருதுநகர் போனார். திங்கட்கிழமை காலை, ஆசிரியர் எழுதித் தந்த கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"தப்புன்னு நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு தம்பி. இதையும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

வாசித்தேன். "சுழற்றும் என்பதே சரி. அப்படிப்பட்ட கோள் மூன்று நான்கு நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். அதன் ஈர்ப்பால் விண்மீனின் வாயு, கடல் பொங்குவது போலப் புடைக்கும். விண்மீன் மெதுவாகச் சுழல்வதாக இருந்தால், கோள் அந்தப் புடைப்பை இழுத்து இழுத்து அதன் வேகத்தைக் கூட்டும். கூட்டக் கூட்டக் கோளின் பாதை சுருங்கும்."

எந்திரச் சத்தம் நின்றிருந்தது. முதலாளி கடிதத்தை மடித்தார்.

"சரி சரி, அடுத்த பதிப்புல பாத்துக்கிடலாம். சுரண்டி முடிங்க, லோடு ஏத்தணும்."

அவ்வளவுதான். மேசைக்குத் திரும்பி வா என்று சொல்லவில்லை. தப்பு தன்னுடையது என்றும் சொல்லவில்லை. தெரியாமல் பேசிய எங்கள் இரண்டு பேரிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. சரியாகச் செய்தவர் மட்டும் ஊர்விட்டு ஊர் போய்ச் சான்று வாங்கி வர வேண்டும், வாங்கி வந்தாலும் பிளேடைத்தான் பிடிக்க வேண்டும். இது என்ன நியாயம்?

அக்கா பிளேடை முதலாளியின் மேசைமேல் வைத்தார். "அப்ப நீங்களே சுரண்டுங்க மொதலாளி." தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை.

முதலாளி பிளேடை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாயில்லை; அக்காவின் நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவும் இல்லை.

எழுநூறு புத்தகங்கள் ழகரத்தோடு லோடு ஏறின. மற்ற ஆயிரத்து முந்நூறில் அந்த இடம் வெள்ளையாய்ப் பிய்ந்திருக்கிறது. அதைப் பிய்த்தது அக்காவின் பிளேடு இல்லை, என் வாய்.