கோட்டுக்காரனுக்கு ஊம் கொட்டியவர்

கரும்புச் சோகையில், அதன் காய்ந்த இலையில், முள்ளைப் போன்ற ஒரு சுணை உண்டு. கண்ணுக்குத் தெரியாது. கழுத்து மடிப்பிலும் முழங்கையின் உட்புறத்திலும் ஏறிக்கொண்டு, அதன்மேல் வியர்வையும் இறங்கிவிட்டால், மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரியும். சொறிந்தால் கூடும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் கூடும். இன்றும் பேருந்து சன்னல் வழியே கரும்பு லாரியைப் பார்த்தால் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அந்த எரிச்சலுக்கு எங்கள் வெட்டுக் கூட்டத்தில் இருந்த ஒரே மருந்து, என் அம்மா சொல்லும் "கோட்டுக்காரன்" கதை.

கோட்டுக்காரன் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்து அனுப்பும் ஒற்றர் பட வரிசை ஒன்று எங்கள் பக்கத்துச் "சினிமா கொட்டாய்"க்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாலைவனமோ பனிமலையோ, கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் எதிரியின் கோட்டைக்குள் நுழைந்து ரகசியத்தைக் கொண்டு வரும் அந்த ஆள், எங்களுக்கெல்லாம் கோட்டுக்காரன். தாடையில் ஒரு குழி, காதோரம் லேசான நரை. எதிரி நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டும்போது அவன் சிரித்தபடி, "சற்றுப் பொறு நண்பா, நான் இன்னும் தேநீர் அருந்தவில்லை" என்பான். அடுத்த நொடி துப்பாக்கி இவன் கையில் இருக்கும். எங்கள் மேஸ்திரி அவசரப்படுத்தும் போதெல்லாம் வெட்டுகிறவர்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அதே வசனத்தை அவரிடமே சொல்லுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டு டீக்கு ஆள் அனுப்புவார்.

மூங்கில்துறைப்பட்டில் ஆலை அரைக்கத் தொடங்கிவிட்டால், கல்வராயன் மலையடிவாரக் கரும்புக் கொல்லிகளில் எங்களுக்கு இடைவிடாத வெட்டு. எல்லோரும் கொட்டாய்க்குப் போய்வர முடியாது. அதனால் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோட்டுக்காரன் படம் வந்தால் எல்லோருக்குமாக அம்மா போய்ப் பார்ப்பாள். மறுநாள் அவளுடைய வரிசையை மற்றவர்கள் பகிர்ந்து வெட்டுவார்கள். அவள் அவர்கள் பின்னாலேயே சோகை உரித்தபடி, படத்தை எழுத்து போடுவதிலிருந்து தொடங்கிச் சொல்லுவாள். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் ஒரு காட்சியும் முன்பின் மாறாது. கோட்டுக்காரன் பேச வேண்டிய இடத்தில் அவளுடைய குரல் தடித்து இறங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவன் வாங்குவதுபோல் சின்னதாக ஒரு மூச்சை வாங்கும்.

கதை என்றால் ஊம் கொட்ட ஆள் வேண்டும். அது அப்பா. வரிசையின் தலையில் நின்று வெட்டுகிறவர் அவர்தான்; அவருடைய வேகம்தான் கூட்டத்தின் வேகம். ஆபத்து என்றால் இழுத்து ஓர் ஊம், அடி விழுந்தால் வெடுக்கென்று ஓர் ஊம், நாயகி வந்தால் கேட்டும் கேட்காததுபோல் ஓர் ஊம். அந்த ஊம் விழாமல் அம்மாவால் அடுத்த காட்சிக்குப் போக முடியாது. கோட்டுக்காரன் மேல் அப்பாவுக்கு அப்படியொரு பிரியம். தியாகதுருகம் சந்தைக்குப் போன இடத்தில் உரிந்து தொங்கிய சுவரொட்டி ஒன்றிலிருந்து அந்த முகத்தை மட்டும் கிழித்து வந்து, டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார்.

பிறகு படம் வருவது நின்றுபோயிற்று. ஒரு பருவம், இரண்டு பருவம் என்று காத்திருந்து, அம்மா பழைய படங்களையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருசம் அப்பாவுக்கு அரிவாளை ஓங்கினால் தோள் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மேஸ்திரி அதட்டவில்லை, முகம் பார்த்துத்தான் சொன்னார். "அண்ணே, நீ பின்னால கட்டு கட்டு. தலையில சின்னாண்டி நிக்கட்டும்."

சின்னாண்டி அதற்கு முந்தைய வருசம் மலையிலிருந்து இறங்கி வந்து கூட்டத்தில் சேர்ந்த இளைஞர். வெட்டிய கரும்பைக் கட்டு கட்டுவது எங்களில் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. அப்பா பின்னால் போனார். போனவர் அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எல்லோரும் அவரிடம் தீட்டக் கொடுக்கும் வழக்கம் இருந்தும், அந்தப் பருவத்தில் சின்னாண்டியின் அரிவாளை மட்டும் அவர் கையில் வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டீக்கடைச் சுவரில் சுவரொட்டி வந்தது. அதே கறுப்புக் கோட்டு. ஆனால் கோட்டுக்குள் வேறு ஓர் ஆள்! ஒட்டிய கன்னம், வழவழவென்று தாடை, குழியைக் காணோம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய் குமாரு, இன்னா போட்டிருக்குது? படி."

"புதிய நாயகன். மீண்டும் வருகிறான் ஒற்றன்."

அப்பா சுவரைப் பார்த்து, "புது ஆளு எப்படிடா மறுபடியும் வருவான்? வந்தவன்தான மறுபடியும் வரணும்?" என்றார். பிறகு, "பழைய ஆளு பேரு கீழ எங்கனா சின்னதாவாவது போட்டிருக்குதா பாரு" என்றார். அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்துப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் டீ வேளையில் கொல்லியில் அதே பேச்சு. அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் வெட்டும் முனியம்மா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்ளைய மாத்திட்டு அதே பந்தல்ல கண்ணாலம் பண்றாங்களாம்" என்று தொடங்கி வைத்தாள்.

மேஸ்திரியும் ஒத்துக்கொள்ளவில்லை. "இவன் யாரோ வெடலப் பையன். இவனப் பாத்துட்டு வரதுக்கு உன் வரிசைய நாங்க வெட்டணுமாம்மா?"

"பாத்துட்டு வரேங்க. கோட்டுக்காரன் இல்லன்னா இல்லன்னு சொல்லிடறேன். என் வரிசைய நானே வெட்டிக்கிறேன்" என்றாள் அம்மா.

பின்னால் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். "போறவ போவட்டும். அந்த ஆளுக்கு நான் ஊம் கொட்ட மாட்டேன்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அவளுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை. அப்பாவின் ஊம் இல்லாமல் அவள் இதுவரை ஒரு கதையையும் சொன்னதில்லை.

சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் பக்கத்தில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தோம். புது ஆள் திரையில் வந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து, "எங்கடா எங்காளு?" என்று ஒரே கூச்சல். அவன் பேசாமல் ஓடினான், பேசாமல் கூரை தாவினான், பேசாமல் ஆற்றில் குதித்தான். கோட்டு மட்டும்தான் தெரிந்த கோட்டு. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எதிரி அவனை ஒரு மூலையில் மடக்கித் துப்பாக்கியை நீட்டினான். அவன் முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"சற்றுப் பொறு நண்பா... நான் இன்னும் தேநீர் அருந்தவில்லை."

விசில் சத்தத்தில் கொட்டாயின் கீற்றுக் கூரை பறந்துவிடும்போல் ஆயிற்று. அதே குரல். அந்தச் சின்ன மூச்சுகூட மாறவில்லை. பழைய நடிகருக்குத் தமிழ் கொடுத்த யாரோ ஒருவர், சென்னையில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து புது நடிகருக்கும் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "டேய், அவன்தான்டா! மூஞ்சிதான் வேற, ஆளு அவன்தான்!"

திரும்பி நடக்கும்போது, "எழுத்து போட்டப்ப அந்தக் கொரலு யாருதுன்னு பாத்தியா?" என்று கேட்டாள். எழுத்தெல்லாம் வேற்று மொழியில், மின்னல் வேகத்தில் ஓடிற்று. என் படிப்பு அங்கே உதவவில்லை. இல்லை என்றேன். "சரி வுடு. நமக்குத் தெரிஞ்ச கொரலுதான" என்றாள். வீட்டில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, "அவன்தாங்க" என்று மட்டும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அம்மா தொடங்கினாள். எழுத்து போட்டாயிற்று, கப்பல் வந்தாயிற்று, துரத்தல் தொடங்கியாயிற்று. ஊம் விழவில்லை. வெட்டுச் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று கேட்டது. அம்மா ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் நின்று நின்று போனாள். பொறுக்க முடியாமல் தலை வரிசையிலிருந்து சின்னாண்டி ஊம் கொட்ட முயன்றார். கோட்டுக்காரனின் நண்பன் குண்டடிபட்டு விழும் இடத்தில், உற்சாகமாக இரண்டு ஊம் போட்டார்.

"எழவு வூட்டுல வந்து பந்தி எப்பன்னு கேக்கறவன் மாதிரி ஊம் கொட்றான் பாரு" என்றாள் முனியம்மா அக்கா. கூட்டமே சிரித்தது. அப்பா மட்டும் குனிந்து கட்டுக்கான சோகைக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா சோகையைக் கீழே போட்டாள். அப்பா இருந்த பக்கம் முழுதாகத் திரும்பி நின்றாள். எதிரி மூலையில் மடக்கியதைச் சொன்னாள், துப்பாக்கியை நீட்டியதைச் சொன்னாள். பிறகு குரலை இறக்கி, அந்த மூச்சை வாங்கி, "சற்றுப் பொறு நண்பா..." என்றாள்.

"ஊம்" என்றார் அப்பா. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்தபின்தான் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் கொரலா? நெசமாவா சொல்ற?"

"பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது? அந்த மூச்சுகூட அதேதாங்க."

"மூஞ்சி வேறதான?"

பதில் சின்னாண்டியிடமிருந்து வந்தது. "நான் அவரு மூஞ்சிய ஒருக்காகூடப் பாத்ததில்லண்ணே. மலையில ஏது கொட்டாய்? போன வருசம் அக்கா கத சொல்லி, நீங்க ஊம் கொட்டித்தான் எனக்கு அவரத் தெரியும். எனக்கு ஆளு மாறவே இல்லியே."

அப்பா அவரைப் பார்த்தார். அந்தப் பருவத்தில் அவர் சின்னாண்டியை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு கயிற்றை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "ஊம், மேல சொல்லு" என்றார். அதற்குப் பிறகு ஒரு காட்சியிலும் ஊம் தப்பவில்லை. பின்வரிசையிலிருந்து வந்தாலும், முன்னே வெட்டுகிறவர்களின் கை அந்த ஊமுக்குத்தான் விழுந்தது. வெயில் ஏறுமுன் அந்தக் கொல்லி முடிந்துவிட்டது.

அன்று சோறு தின்னும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "அப்ப பழைய ஆளு இன்னா ஆனாரு?"

"இன்னா ஆவாரு? வயசாவலையா. ஓடறதையும் குதிக்கிறதையும் இவன்கிட்ட வுட்டுட்டு வூட்டுல சொகமா டீ குடிச்சிக்கினு இருப்பாரு. பேச்சு அவருதுதான" என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். மறுநாள் சின்னாண்டியின் அரிவாளைத் தானே கேட்டு வாங்கி, அரத்தை எடுத்துத் தீட்டிக் கொடுத்தார். டிரங்குப் பெட்டி மூடியில் இருந்த படத்தை அவர் எடுக்கவில்லை. சுவரொட்டியிலிருந்து கிழித்த புது ஆளின் முகத்தை அதன்மேல் ஒட்டவும் இல்லை; பக்கத்தில் ஒட்டினார்.

இப்போது கொட்டாய் இருந்த இடத்தில் கரும்பு வெட்டும் இயந்திரங்களை நிறுத்தி வைக்கிறார்கள். இயந்திரத்துக்குச் சுணை ஏறாது, கதையும் தேவையில்லை. நான் படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு வேலையில் இருக்கிறேன். அண்மையில் கோட்டுக்காரன் இன்னொரு முறை ஆள் மாறினான். அந்தப் படத்தைச் செல்பேசியில் இறக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வைத்தேன். புது முகத்தை இருவரும் குறை சொல்லவில்லை. அதெல்லாம் அவர்களுக்குப் பழகிவிட்டது. அவன் வாயைத் திறந்ததும்தான் அம்மா நிமிர்ந்தாள். குரல் வேறு. இளசான, அவசரமான, வேறு யாருடையதோ குரல்.

"அவரு இல்ல போல" என்றாள். அத்தனை காலம் குரல் கொடுத்த அந்த மனிதரின் பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

படத்தை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "எதுக்குடா? ஓடட்டும். சத்தத்த மட்டும் கொற" என்றாள். குறைத்தேன். திரையில் புது ஆள் சத்தமில்லாமல் ஓடினான், தாவினான், ஒரு மூலையில் மாட்டிக்கொண்டான். யாரோ துப்பாக்கியை நீட்டினார்கள். அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரலை இறக்கினாள். இப்போது அந்த மூச்சை அவள் வரவழைக்க வேண்டியதில்லை, வயதே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

"சற்றுப் பொறு நண்பா..."

"ஊம்" என்றார் அப்பா.