எதிர் வீட்டு மிட்ஃபீல்டர்

ஜெர்சி சிட்டியில் நியூபோர்ட் பக்கம் நான் குடியிருந்த கட்டடத்தில் ஒரு பிப்ரவரி சாயங்காலம் ஃபயர் அலாரம் அடித்தது. யாரோ அடுப்பில் எதையோ கருக விட்டுவிட்டார்கள். அத்தனை மாடி ஜனமும் படியிறங்கி ஆற்றங்காற்றில் வந்து நின்றோம். சிலர் லேப்டாப்பை மார்போடு அணைத்திருந்தார்கள், சிலர் நாய்க்குக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். என் எதிர் வீட்டுக்காரர் மட்டும் அரை டிரவுசரோடு, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல உயரம். புருவம் கூட வெளிர் பொன்னிறம். குடிவந்து ஒரு வருஷம் ஆகியும் லிஃப்டில் 'ஹாய்' சொன்னதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

"குளிரலையா?" என்று கேட்டுவிட்டேன். ஐஸ் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது!

"முட்டிக்கு மட்டும் தெரியலை. மத்த எல்லா இடத்துலயும் குளிருது," என்றார்.

அப்படித்தான் தெரிந்தது அவர் டென்மார்க்காரர் என்றும், கால்பந்து ஆடுவதுதான் அவருடைய பிழைப்பு என்றும். எங்கள் கட்டடத்தில் இருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் அவருடைய கிளப்பின் ஸ்டேடியம். நான் தினமும் அதே தண்டவாளத்தில் எதிர்த் திசையில் மன்ஹாட்டனுக்குப் போய் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் காலேஜ் படிக்கும்வரை ஹாக்கி ஆடியவன் என்று சும்மா சொல்லிவைத்தேன்.

"எந்த இடத்துல ஆடுவீங்க?"

"சென்டர் ஹாஃப்."

"நான் மிட்ஃபீல்டர். அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்," என்று கை கொடுத்தார். ஐஸ் பையைத் தொட்ட கை, விறைத்திருந்தது.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் ஞாபகத்தில் தமிழாகவே தங்கிவிட்டது.

அவருடைய மனைவியும் மகளும், மகளுக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் டென்மார்க்குக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். என் மனைவி டெக்சாஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்கிற டாக்டர் பயிற்சியில் இருந்தாள். டாக்டர்களுக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். என் விசாவும் கிரீன் கார்டு மனுவும் என்னை வேலைக்கு வைத்திருந்த நியூ ஜெர்சி கம்பெனியின் கையில். மாதத்துக்கு ஒரு வார இறுதி அவள் வருவாள், அல்லது நான் போவேன். மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் குடும்பம் நடந்தது. அவள் சாப்பிடுவதை நான் பார்ப்பேன், நான் சாப்பிடுவதை அவள் பார்ப்பாள். பாதியில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வரும். திரையில் தட்டு மட்டும் இருக்கும்.

அலாரம் அடித்த வாரத்திலேயே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பருப்பு சாதத்தை மரியாதைக்குக் கொறித்துவிட்டு, பொரித்து வைத்திருந்த அப்பளம் முழுவதையும் அவரே தின்று தீர்த்தார். மறுவாரம் அவர் வீட்டில். கறுப்பு ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை. விளக்கை அணைத்துவிட்டு மேஜையில் மெழுகுவத்தி ஏற்றினார். கரண்ட் போய்விட்டதோ என்று நான் எழுந்து ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். அவர்கள் ஊரில் சாப்பாட்டுக்கு அப்படித்தானாம்.

அவருடைய கதையை அந்த மேஜையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம் அவருடைய ஊர். பதின்ம வயதிலேயே பெரிய கிளப் ஒன்று தலைநகருக்கு அழைத்துப் போனது. நன்றாகத்தான் ஆடினார். ஒரே ஒரு முறை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கார் ஓட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முழுவதும் இவர் பெஞ்சில்.

"நாட்டோட ஜெர்சியைப் போட்டிருந்தேன். மேல இருந்த டிராக்சூட்டை மட்டும் கழட்டவே இல்லை," என்றார். "உள்ள அது இருந்தது எனக்கும் எங்க அம்மாவுக்கும்தான் தெரியும்."

பிறகு கூப்பிடவே இல்லை. ஜெர்மனியில் இரண்டாம் டிவிஷனில் சில வருஷம். கோச் மாறினார், புதியவருக்கு இவரைப் பிடிக்கவில்லை. அங்கிருந்து அமெரிக்கா. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

சீசன் தொடங்கியதும் அவர் கொடுத்த டிக்கெட்டில் ஆட்டம் பார்க்கப் போனேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கோல் அடிக்கிறவன் பெயரையும் கோல்கீப்பரின் பெயரையும் சொல்லிக் கத்தினார்கள். இவர் பெயரை யாரும் கத்தவில்லை. பந்து வரும், ஒரு தட்டு தட்டி அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, அது போகும் திசைக்கு ஓடுவார். அவ்வளவுதான். ஒருமுறை அவர் பந்தை வாங்கும்போது பின்னால் இருந்து ஒருத்தன் பாய்ந்து வந்தான். என்னையறியாமல் எழுந்து, "திரும்பாத! பின்னாடி ஆளு!" என்று தமிழில் கத்திவிட்டேன். முன்வரிசைக் குழந்தை பயந்து என்னைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் லிஃப்டில் கேட்டார். "நேத்து ஏதோ ஒரு பாஷையில ஒரு சத்தம் கேட்டுச்சு. நீதானா?"

"நான்தான்."

"என்ன சொன்ன?"

"பின்னாடி ஆள் வர்றான்னு."

"அது எனக்குத் தெரியும்," என்றார். மாடி வந்து கதவு திறந்த பிறகு, "இருந்தாலும் கத்து," என்றார்.

சித்திரை மாத வெயில் போல நியூ ஜெர்சியிலும் கொளுத்திய ஒரு ஜூலை மத்தியானம். நான் வீட்டில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார். பயிற்சி உடையிலேயே வந்திருந்தார்.

"என்னை டிரேட் பண்ணிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. இந்த நாட்டு லீக்கில் ஒரு கிளப் இன்னொரு கிளப்போடு ஆளை மாற்றிக்கொள்ளலாமாம், ஆட்டக்காரனிடம் சம்மதம் கேட்கத் தேவையில்லையாம். பயிற்சி முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது சொன்னார்களாம். நாளை மறுநாள் அங்கே இருக்க வேண்டும்.

"எங்க?"

"டெக்சாஸ்," என்றவர், ஊர்ப் பெயரையும் சொன்னார்.

என் மனைவி இருக்கும் அதே ஊர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து நடுவிலேயே நின்றுவிட்டது. அந்த ஊருக்கு மாற்றல் தரச் சொல்லி என் மேனேஜரிடம் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். க்ளையண்ட் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதுதான் எப்போதும் பதில். இவருக்கோ இங்கேயே இருந்து சீசனை முடித்துவிட்டு, நேராக நியூவர்க்கில் விமானம் ஏறி மகளிடம் போக வேண்டும் என்று ஆசை.

"நீ என் பையில ஏறிக்கோ," என்றார். இரண்டு பேரும் அதற்குச் சிரிக்கவில்லை.

இரண்டு பெட்டிதான் அவருடைய சாமான். மிச்சமிருந்த காபித்தூளையும் ஒரு டப்பா மெழுகுவத்தியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் சொன்னேன்.

"அவர் வர்றாரா? நீங்க வரலையா?" என்றாள்.

அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. என் மனைவிதான் ஒரு லீவு நாளில் அவரைக் கூட்டிப்போய் வீடு பார்க்க உதவி செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கவும் போயிருக்கிறாள். கால்பந்து பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அவர் பந்து வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்ங்க. நீங்க ஏர்போர்ட்ல என்னைத் தேடுவீங்கள்ல, அதே மாதிரி," என்றாள்.

எனக்கு அவர் மேல் பொறாமை வந்ததில்லை. அந்த ஊர் மேல் வந்தது. அதன் வெயில், ஃப்ரீவே, அவள் காரை நிறுத்தும் இடம், எல்லாம் இப்போது அவருக்கும் தெரியும். எதிர் வீட்டில் ஆளில்லை. லிஃப்டில் இருந்து இறங்கி நடக்கும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அக்டோபரில் ஒரு வார இறுதிக்கு டெக்சாஸ் போனேன். மத்தியானம் ஆட்டம், முடிந்ததும் மூன்று பேரும் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. மனைவி காலையிலேயே அப்பளம் பொரித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். இரண்டாம் பாதியில்தான் அவரை உள்ளே இறக்கினார்கள். வந்ததும் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே ஆடினார். பிறகு ஒரு சாதாரணப் பந்து. பக்கத்தில் ஒருவரும் இல்லை. வாங்கித் திரும்பினார். கால் மட்டும் தரையிலேயே நின்றுவிட்டது. விழுந்தார்.

மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "முட்டி போச்சுங்க," என்று மெதுவாகச் சொன்னாள்.

சின்ன வண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் படியிறங்கி ஓடினோம். வாசலில் நின்ற காவலாளி, "குடும்பமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "ஆமாம்," என்றாள்.

உள்ளே மேஜையில் படுத்திருந்தார். முகத்தின் மேல் துண்டு. ஒரு கையில் போன். நாங்கள் வந்தது தெரிந்ததும் துண்டை எடுத்தார்.

"மக தூங்கியிருப்பா. காலையில சொல்லிக்கலாம்," என்றார்.

மனைவி முட்டியைத் தொடவில்லை. கிளப் டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். "ஆபரேஷன் பண்ணா சரியாகும். ஆனா திரும்ப ஆட ஒரு வருஷமாவது ஆகும்," என்றாள்.

"எனக்கு முப்பத்து நாலு வயசு," என்றார். வெளியே யாரோ கோல் அடித்திருக்க வேண்டும். சுவரெல்லாம் அதிர்ந்தது. அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "நம்மதா?" என்று அங்கிருந்த உதவியாளரைக் கேட்டார். ஆமாம் என்றார் அவர். "நல்லது," என்றார் இவர்.

மறுநாள் மனைவி என்னை விமான நிலையத்துக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போனாள்.

"ஆபரேஷன் அன்னைக்கு அவரோட மனைவி வந்து சேர முடியாதாம். யாரு இருப்பா?" என்று கேட்டேன்.

"நான் போறேன். ட்யூட்டி மாத்திக்கிட்டேன்."

ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் தாண்டியது. கண்ணை ரோட்டில் இருந்து எடுக்காமல் கேட்டாள்: "எனக்கு ஒண்ணுன்னா யாருங்க வருவா?"

நான் வருவேன் என்று சொன்னேன். நியூ ஜெர்சியில் இருந்து, அடுத்த விமானத்தில். இரண்டு பேரும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே போனோம்.

நவம்பரில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கிளப் புதுப்பிக்கவில்லை. ஊன்றுகோலோடு டென்மார்க் போய்ச் சேர்ந்தார். நான் என் கம்பெனியில் வேலையை விடுவதாகச் சொன்னேன். கிரீன் கார்டை மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். டெக்சாஸில் சின்ன இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, விசா மாறி, நான் பெட்டி கட்டும்போது வசந்தம் வந்துவிட்டது. வரப்போவதாகச் சொன்னபோது மனைவி போனில் அழுதாள். பிறகு அரிசி டப்பா எது வாங்குவது என்று பேச ஆரம்பித்தாள்.

டென்மார்க் போயும் அவர் ஆட்டத்தை விடவில்லை. கால் தேறியதும் சொந்த ஊரில், தான் பையனாக ஆடத் தொடங்கிய சின்ன கிளப்பில் சில ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு முட்டி வீங்கியது. ஒரு நாள் பயிற்சிக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி, கோச்சுக்குப் போன் பண்ணி, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். இப்போது துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் வேலை. மகளுக்குக் கால்பந்து பிடிக்கவில்லை, கைப்பந்து ஆடுகிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அழைத்தார். எனக்குக் காலை, அவருக்கு மத்தியானம்.

"இத்தனை வருஷம் சனிக்கிழமைன்னா ஆட்டம். இப்போ மத்தியானம் வந்துட்டா என்ன பண்றதுன்னே தெரியலை," என்றார். "நீ என்ன பண்ணிட்டிருக்க?"

"துணி மடிக்கிறேன்."

"அவங்க?"

"ஆஸ்பத்திரியில. இந்த வாரம் பூரா ட்யூட்டி."

"அப்போ அங்க போயும் தனியாத்தான் இருக்கியா?"

"பகல்ல அப்படித்தான். சாயங்காலம் வந்துடுவா."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மகள் டேனிஷில் எதையோ கேட்டுக்கொண்டே வந்தாள். "இரு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனை மேஜையில் வைத்தார். ஒரு கதவு திறந்தது. சைக்கிள் மணி அடித்தது. அவர் சிரிக்கிறதும், அவள் எதற்கோ சண்டை போடுகிறதும் தூரத்தில் கேட்டன. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, மனைவியின் நீல நிற ஆஸ்பத்திரி உடைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினேன். அவர் திரும்பி வந்து போனை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நானே வைத்தேன்.