முதலாளி இல்லாத வேலைக்காரன்

கைத்தறிப் பயிற்சி மையத்தில் உதவியாளர் வேலைக்கு பிளஸ் டூ கட்டாயமாம். பட்டு நெய்த அனுபவம் இருந்தால் பத்தாவதே போதும் என்று தளர்வும் கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் டூவைப் பாதியில் விட்ட எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது.

அனுபவச் சான்றில் முதலாளி கையெழுத்து வேண்டும். நாளை கடைசி நாள். வருடக்கணக்காக நான் புடவை நெய்து கொடுக்கும் பட்டுக்கடைக்கு ஓடினேன்.

"நீ இன்னா என் ஆளா? நான் பாவு நூலு குடுக்கறேன், நீ உன் வூட்ல ஒக்காந்து நெய்யற. கையெழுத்து போட்டா பி.எஃப். கேட்டுகினு ஆபீசர் வந்து நிப்பான்."

கடை வாசலில் நின்றபடியே மையத்துக்கு போன் போட்டேன்.

"வீட்டுத் தறின்னா சுயதொழில் தம்பி. உங்களுக்கு நீங்களே சான்று குடுக்க முடியாது."

"அப்ப யாருங்க குடுப்பாங்க?"

"உங்க முதலாளிதான்."

பேஜாராகி வண்டியைக் கிளப்பினேன். கடைக்குள்ளிருந்து கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். மனசு மாறிவிட்டாரோ என்று இறங்கி ஓடினேன்.

"வெள்ளிக்கெழம புடவ வந்தாவணும். அதுக்குள்ள இன்டர்வியூ கிண்டர்வியூன்னு லீவு போட்ட, அவ்ளோதான்!"

அவர் ஆளே இல்லாத எனக்கு அவர் எப்படி லீவு மறுக்கிறார்? சட்டம் படித்தவர்கள் யாராவது கமெண்டில் சொல்லுங்கள்.