படிக்காமல் கொடுத்த சம்மதம்

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே டிக்கெட் கடை வைத்திருக்கும் ஆரோக்கியராஜ் யாரையும் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவசரக்குடுக்கை, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் உள்ளூர் சிம் செத்துக் கிடக்கும் என்பதால், எல்லா விமான டிக்கெட்டிலும் தன் செல்போன் எண்ணையே போட்டுவிடுவார். ஊரார் அதைப் பெரிய உதவி என்றார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழக்கம்தான் வினையாய் முடிந்தது. மாதா கோயில் தேர்பவனியன்று, தோளில் சப்பரம் தாங்கிக்கொண்டிருந்தவரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பக்கத்து வல்லம் கிராமத்துக்கு விடுமுறையில் வந்திருந்த மணிமாறன் மஸ்கட் திரும்ப வேண்டிய விமானம் ரத்து. சில நாள் கழித்து வேறு விமானத்தில் போகச் சம்மதமா, இல்லை முழுப் பணமும் திரும்ப வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். வழக்கம்போல அரைமணி நேர மாற்றமாக்கும் என்று, படித்தும் பார்க்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்திவிட்டுச் சப்பரத்தோடு நடந்தார். அப்புறம் அதைச் சுத்தமாக மறந்தும் போனார்.

மணிமாறன் பெட்டியும் கையுமாகச் சென்னை விமான நிலையத்தில் போய் நின்றான். விமானம் இல்லை. மறுநாளோடு விசா முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் வேலையும் போயிற்று. விமான நிலையத்திலிருந்தே அவன் போன் செய்து கதறியபோதுதான் ஆரோக்கியராஜுக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. ரத்து செய்தால் விமானக் கம்பெனிக்காரன் முன்கூட்டியே சொல்லியாகணும், சொல்லாவிட்டால் நஷ்டஈடு தரணும், விதியே இருக்கு, விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடு, சாட்சிக்கு நான் வர்றேன் என்று வெளுத்துக்கட்டினார். பாவி மனுஷன், கூச்சநாச்சமே இல்லாமல்!

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க எழுந்து போகவும் கூசியது. மணிமாறன் வழக்கைப் பற்றிப் பேச்சே எடுக்காதது இன்னும் அரித்தது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வல்லத்துக்கு வண்டியை விட்டார்.

மணிமாறன் வீட்டு வாசலில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தான். வாங்க, உட்காருங்க என்றான். ஆரோக்கியராஜ் நின்றபடியே சொன்னார்.

"மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு மணி. படிக்காம ஓகே குடுத்தவன் நான்தான். கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல."

மணிமாறனின் கை நிற்கவில்லை. "தெரியும்ண்ணா. உங்ககிட்ட பேசிட்டு வச்ச பிறகு கவுண்டர்ல போய் சண்ட போட்டேன். சம்மதம் குடுத்தாச்சு, இனிமே பணமும் கெடைக்காதுன்னு உங்க நம்பரக் காட்டுனாங்க."

தெரிந்தும் ஏன் வந்து சட்டையைப் பிடிக்கவில்லை, தன்மேலாவது ஏன் வழக்குப் போடவில்லை என்று ஆரோக்கியராஜ் மெல்லக் கேட்டார்.

"எங்க ஊர்ல பாதிப் பேரு உங்கள நம்பித்தான் போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க. விஷயம் வெளிய வந்தா நீங்க கடைய மூடணும். உங்களுக்கும் புள்ளக்குட்டி இருக்குது. ரெண்டு வீட்டு அடுப்பு எதுக்குண்ணா அணையணும்? என்னோட போவட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, அண்ணனுக்கு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆரோக்கியராஜ் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இப்போது டீ வரும்வரை அவன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.