ஒன்றரைப் புள்ளி

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. முதல் டீயை என்னிடம் நீட்டினால், ஆறிப்போன டீயோ என்று தொட்டுப் பார்ப்பேன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போயின. அதற்குப் பிறகு என்னிடம் இனிக்க இனிக்கப் பேசியவர்களில் பாதிப்பேர் கூடவே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் வந்தார்கள்.

அதனால், சக்கர நாற்காலி கூடைப்பந்து அணியில் சேரச் சொல்லி தெள்ளாரிலிருந்து ஒருவர் முள்ளிப்பட்டுக்கே என்னைத் தேடி வந்தபோது, ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் நினைவுக்கு வந்தது. அவர் வட மாவட்ட அணியின் கேப்டன். விபத்தில் ஒரு காலை இழந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற போட்டி, ஆரணியிலேயே நடக்கிறது என்றார். நான் பந்தைத் தொட்டதே இல்லை என்றேன்.

"அதெல்லாம் கத்துக்கலாம்க்கா, வாங்க" என்றார்.

போனேன். ஊர் பார்க்க ஒரே ஒரு தடவை பந்தைக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பயிற்சியில் என் நாற்காலி இடது பக்கமே இழுத்தது. யாருக்கும் வேண்டாத ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, சண்டை போட்டு மாற்றி வாங்கினேன். அதுவும் இடது பக்கம் போனது. மூன்றாவதும் அப்படியே.

கேப்டன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வண்டி மேல பழி போடாதீங்கக்கா. நாள் பூரா ராட்டை சுத்துறீங்க இல்ல, சோத்துக்கை ஜாஸ்தியா தள்ளுது."

பட்டு நெசவுக்குத் தார் சுற்றுவதுதான், அதாவது ஊடையிழையைக் குழலில் சுற்றித் தருவதுதான் என் வேலை. வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை சும்மா இழையைப் பிடித்திருக்கும். அவர் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள், அவர் யாரிடமோ போனில் பேசியது காதில் விழுந்தது. "அக்கா உள்ள இருந்தா நமக்கு ஒன்றரை பாயிண்ட் சலுகை. அப்பதான் நெட்டையை எறக்க முடியும்."

விஷயம் இதுதான். உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இவ்வளவு புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. உள்ளே ஆடும் ஐந்து பேரின் கூட்டு ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண் ஒருத்தி இருந்தால் அந்த எல்லையை ஒன்றரை தளர்த்துவார்கள். கூடையில் போடுவதில் கெட்டிக்காரரான எங்கள் நெட்டைக்குப் புள்ளி அதிகம். அவர் உள்ளே வரத்தான் நான்.

மறுநாள் மேற்கு மாவட்ட அணியோடு ஆட்டம். எதிரிகளின் நாற்காலிக்குக் குறுக்கே என் நாற்காலியை நிறுத்தி நெட்டைக்கு வழி உண்டாக்குவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு பந்தும் என் பக்கம் வரவில்லை. கேப்டன் என்னைப் பார்ப்பார், பந்து வேறு பக்கம் போகும். ஆரணியே விசிலடித்தது, எல்லாம் நெட்டைக்கு. ஒன்றரை ஒன்றரை என்று பல்லைக் கடித்தபடி தள்ளினேன்.

கடைசி சில வினாடிகள். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். நெட்டையை இரண்டு பேர் நாற்காலியோடு நாற்காலி முட்டி மடக்கிவிட்டார்கள். நான் வழக்கம்போல இடது பக்கம் ஒதுங்கி, கூடைக்குக் கீழே தனியாக நின்றிருந்தேன்.

"அக்கா!"

கேப்டன் கையிலிருந்து பந்து கிளம்பியது. யாருக்குப் போடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாருமில்லை. பந்து என் சக்கரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே உருண்டது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. நானே ஆரம்பித்தேன். "ஒன்றரை பாயிண்டுக்குத்தானே தம்பி என்னைக் கூட்டிகினு வந்த?"

"ஆமாக்கா. மொதல்ல அதுக்குத்தான் வந்தேன்." வியர்வையைத் துடைத்தபடி, மழுப்பாமல் சொன்னார். "ஆனா உங்க வண்டி அந்த எடத்துல போய் நிக்கறத ஒரு மாசமா பாத்துகினு இருக்கேன். அவனுங்க உங்கள கண்டுக்கவே கூடாதுன்னுதான் பந்தே குடுக்கல. கடைசிக்குன்னு வெச்சிருந்தேன்."

என் கை இன்னும் சக்கரத்தின் மேலேயே இருந்தது.

"அது கெடக்கட்டும்" என்றார். "பின்னால திரும்பி இன்னாக்கா பாத்தீங்க?"

அவர் குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.