பதினாலு காட்டிய மீட்டர்

ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுக்கும் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டு முன்னறைதான் பட்டறை. கதவோர மேசை அவளுக்கு. ஜன்னலோரத்தில் அவளுடைய தம்பி உட்கார்ந்து டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவான். பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான்.

வோல்ட் அளக்கும் பழைய மல்டிமீட்டர் மண்டையைப் போட்டபோது இருவரும் கடைக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விலை கூடியதைவிட்டுத் தம்பி கண்ணை எடுக்கவில்லை.

"இத எடுக்கலாம்கா. பேட்டரி இறங்கினா அதுவே சொல்லும்."

"வோல்ட்டக் காட்டினா போதாதா? கழுத்துல மாட்டிக்கிட்டு ஊர்வலமாவா போகப்போறோம்?"

கடைக்காரரே சிரித்துவிட்டார். அக்கா மலிவானதை வாங்கினாள்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள், பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய இடத்தில் பதினாலு காட்டியது.

"சுத்து கூடிப்போச்சுடா."

"எண்ணித்தான்கா சுத்தினேன். மீட்டரக் கொஞ்சம் பாரு."

"மீட்டர் என்னடா பண்ணும்? உன் கவனம் எங்கயோ இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே பிரித்துக் குறைத்தான். அந்த மாதம் முழுக்கக் குறைத்தே சுற்றினான். விற்ற ஆம்ப்ளிஃபயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, சத்தமே எழும்பவில்லையாம். வாசலில் நாலு பேர் நிற்க, அவர்கள் முன்னாலேயே, "இவன் சுத்துற லட்சணம் இதுதான்!" என்று கொட்டிவிட்டாள். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அடுத்த வாரம் வெளியூரில் ஒரு லிப்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

அவன் போன பிறகு அவளே சுற்றியவையும் அதே குறையோடு திரும்பி வந்தன. வேறு வழி தெரியாமல்தான் அந்த விலை கூடிய மீட்டரை அவள் வாங்கினாள். தம்பி குறைக்காமல் விட்ட டிரான்ஸ்பார்மர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் புது மீட்டர் பன்னிரண்டு என்றது, பழையது பதினாலு. பழையதற்குப் பேட்டரி மாற்றினாள். அதுவும் பன்னிரண்டு.

உடனே தம்பிக்குப் போன் செய்தாள். "தப்பு என்மேலதான்டா. பேட்டரி இறங்கி, அது பாட்டுக்குக் கூடக் காட்டியிருக்கு. வந்துடுடா."

"சரி விடுக்கா. இங்க பழகிடுச்சு," என்றான். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பாள்.

அவனைத் திட்டிய அன்று வாசலில் நின்றவர்களைத் தேடிப் போய்த் தம்பிமேல் தப்பில்லை என்று சொன்னாள். மூன்று பேருக்கு அந்தச் சண்டையே நினைவில்லை. நான்காமவர் மட்டும், "பாவம், இப்போ எங்க இருக்கான்?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.