எழுபது நாளாகியும் தீராத சிலிண்டர்

கேஸ் ஏஜென்சியில் அவருக்குப் பெயர் ‘தராசு’. தோளில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு தொங்கும். சிலிண்டரை வாசலில் இறக்கியதும், வீட்டுக்காரர்கள் வாயைத் திறப்பதற்குள் அதில் மாட்டித் தூக்கிக் காட்டிவிடுவார். “நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் எடை குறையுதுன்னு ஆபீசுக்குப் போன் போடக் கூடாது.” இருபத்தாறு வருஷமாக வாசலுக்கு வாசல் சந்தேகப் பார்வையை வாங்கி வாங்கி, அந்தப் பார்வை அவர் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. பழம் வாங்கினால் கூடையின் அடிவரை கைவிட்டுத் துழாவுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்று, அவன் நிஜமாகவே உள்ளே போகிறானா என்று பார்த்த பிறகுதான் சரி என்று தலையாட்டினார். அவன் போனான். நாலாவது நாளும் நின்றிருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரிவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. நாலு பேர் உள்ள வீட்டில், மூன்று வேளையும் பொங்கினால், சிலிண்டர் நாற்பது நாளைத் தாண்டாது. இரண்டு மாசம் வந்தால் சனி ஞாயிறு ஹோட்டல். மூன்று மாசம் வந்தால் டீ மட்டும்தான் வீட்டில். எதிர்த் தெரு மூன்றாம் மாடியில் ஒரு பேங்க் அம்மா. “எங்க வீட்ல வெளிச்சாப்பாடே ஆகாதுங்க, வயித்துக்கு ஒத்துக்காது” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லும். அந்த வீட்டு சிலிண்டர் நாலு மாசம் வந்தது.

“நாலு மாசம்!” என்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி தன் மனைவியிடம் சொல்வார். “காத்தையா பொங்கிச் சாப்பிடுறாங்க? கதவுக்குப் பின்னாடி பார்சல் டப்பா இந்த உசரத்துக்கு அடுக்கி வெச்சிருக்கு. நான் பாக்கலேன்னு நெனப்பு.”

மனைவி சிரிப்பார். முன்பெல்லாம் சிரித்ததோடு நிற்காமல், “அந்த டப்பா என்ன கடைன்னு பாத்தீங்களா?” என்று கேட்பதும் உண்டு.

“அடுப்பு எரியாத வீட்ல வேற என்னவோ எரியுதுன்னு அர்த்தம்” என்று முடிப்பார் அவர். அது அவருடைய தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அவர் வீடு இரண்டாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். மகள் கல்யாணமாகிப் போன பிறகு இரண்டே பேர். அவர்கள் வீட்டு சிலிண்டர் ஐம்பது நாள், மிஞ்சினால் ஐம்பத்திரண்டு நாள் வரும். மாட்டிய தேதியை அதன் உடம்பில் சாக்பீஸால் எழுதிவைப்பது வழக்கம். அந்த முறை ஐம்பது தாண்டியது. அறுபது தாண்டியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுபதாம் நாள், மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன நேரம் பார்த்து, அவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டரைத் தராசில் மாட்டித் தூக்கினார்.

ஆறு கிலோ கேஸ் மிச்சம் இருந்தது.

தராசுதான் கெட்டுப்போய்விட்டதோ என்று ஐந்து கிலோ அரிசி மூட்டையை மாட்டிப் பார்த்தார். சரியாக ஐந்து காட்டியது. அந்த அரிசி மூட்டையும் பிரிக்காமல் அப்படியே இருக்கிறதே என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்று தட்டில் விழுந்த சாப்பாட்டை அவர் சாப்பிடவில்லை, விசாரித்தார். சோறு பதமாகத்தான் இருந்தது. குழம்பும் இருந்தது. பீன்ஸைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அவர் மனைவி பீன்ஸைச் சாய்வாக, நீளமாக நறுக்குவார். முப்பது வருஷப் பழக்கம். இது அளவெடுத்த மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. உப்பு வேறு கரித்தது.

“உப்பு கொஞ்சம் தூக்கல் இல்ல?” என்றார் மெதுவாக, தூண்டில் போடுவதுபோல.

“அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று மனைவி தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் வீட்டு விருந்திலேயே உப்பு குறைச்சல் என்று காதோரம் கிசுகிசுக்கிற மனுஷி.

மறுநாளிலிருந்து அவர் வேவு பார்க்கத் தொடங்கினார். குப்பைக் கூடையைக் கிளறினார். பார்சல் டப்பா இல்லை, ரப்பர் பேண்டுகூட இல்லை. ஒன்றுமே கிடைக்காததுதான் அவருக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. தடயமே இல்லாமல் செய்கிறவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும்! காலையில் டீ போடும்போது மட்டும் மனைவி அவரை அடுப்படியிலேயே நிற்கவைத்துக்கொள்வது ஏன்? “இங்கயே நில்லுங்க, பேசிக்கிட்டே போடுறேன்” என்று இந்த இரண்டு மாசமாக என்ன புதுப் பாசம்? ஒருநாள் அந்த டீயை வாயில் வைத்ததும் துப்பினார். பால் கெட்டு நாறியது. மனைவியோ அதே பாலில் போட்ட டீயைப் பாதி குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு வேறெங்கோ இருக்கிறது, அதனால்தான் நாக்குகூட வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டினார்.

கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாவிடம், கிழியாத சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

“பகல்ல மேல ஏதாவது ஆள் நடமாட்டம் உண்டாங்க?”

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. “ஆளா? பதினொன்றரைக்கு அந்த ஸ்கூட்டர்காரர் வருவாரு. ரெண்டு நிமிஷம் இருப்பாரு, சில நாள் பத்து நிமிஷம். உங்க சொந்தக்காரர்னுல்ல நெனச்சேன். ஆமா, இந்தச் சட்டையில எங்க கிழிஞ்சிருக்கு?”

இரண்டு நாள் அவருக்கு வேலை ஓடவில்லை. பேங்க் அம்மா வீட்டுக்குப் போக வேண்டிய சிலிண்டரைப் பல் டாக்டர் வீட்டில் இறக்கினார். மனைவிக்கு ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி, மகளோடு தினம் ஒரு மணி நேரம் போன் பேச்சு. இந்த வயதில் என்று ஆரம்பிக்கும் எண்ணத்தை அவரால் முடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, மருந்துக் கடை நிழலில் நின்றார். பதினொன்று முப்பத்திரண்டுக்கு ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே வழுக்கைத் தலை, அறுபது வயது மதிக்கலாம். முன்னாலும் பின்னாலும் பெரிய பைகள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஆள் படியேறினார். தராசு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

கதவு திறந்திருந்தது. மனைவி காலி டிபன் கேரியரை நீட்ட, அந்த மனிதர் நிறைந்த கேரியரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பீன்ஸுல உப்பு அதிகமாப் போச்சுன்னு நாலு வீட்ல இன்னும் திட்டு விழுதும்மா. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணுமே சொல்லல” என்றார் அவர்.

“நல்லாத்தானே இருந்துச்சு” என்ற மனைவி, அவர் தோளுக்கு மேலே தன் கணவரைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“யாரு இது?” என்றார் தராசு.

ஸ்கூட்டர்காரர் திரும்பி, கையில் செருப்போடு நின்றவரைப் பார்த்து இரண்டு படி இறங்கினார். “சாப்பாடு கொண்டுவர்றேன் சார். முன்ன ஆஸ்பத்திரி கேன்டீன்ல சமைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப இந்த ரெண்டு தெருவுலயும் இருபது வீட்டுக்கு நான்தான் சமைச்சுப் போடுறேன். நேரமாச்சு, வர்றேன்மா.” அவர் ஸ்கூட்டர் கிளம்பிய வேகம் மேலேவரை கேட்டது.

மனைவி கேரியரை மேடைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

“எனக்கு வாசனை தெரியலங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஜுரம் வந்துச்சே, அதுலருந்து. நாக்குலயும் ஒண்ணும் ஏற மாட்டேங்குது. எதைத் தின்னாலும் அட்டையை மெல்லுற மாதிரி இருக்கு.”

“அதுக்கு சமைக்கிறதை நிறுத்தணுமா?”

“ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு. நான் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். தண்ணி கேன் போடுறவர் வாசல்ல வந்து கத்தின அப்புறம்தான் தெரியும். வீடு பூரா கேஸ். அவர் கத்தினப்ப நான் என்னன்னு பாக்க லைட்டைப் போடப் போனேன். கை ஸ்விட்சு மேல இருந்துச்சுங்க.” மனைவி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “அன்னையிலருந்து நீங்க பக்கத்துல நின்னாத்தான் அடுப்பு பத்தவைக்கிறேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? தினம் சாப்பிட உக்காந்தா எந்த வீட்ல அடுப்பு எரியலைன்னுதான் பேச்சு. அந்த வரிசையில நானும் சேரணுமா?”

இதைக் கேட்டு அவர் மனம் இளகியிருக்க வேண்டும். இளகத்தான் செய்தது, ஆனால் முழுசாக இல்லை. மத்தியானம் முழுக்க சிலிண்டர் இறக்கிக்கொண்டே யோசித்தார். கண் போகும், காது போகும், கேள்விப்பட்டிருக்கிறார். தும்மல் வருகிறது, மூச்சு விடுகிறாள், மூக்கு மட்டும் எப்படிப் போகும்? சமைக்கச் சலித்துப்போய் இப்படி ஒரு கதை கட்டியிருந்தால்? சிலிண்டர்காரரிடம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா?

அன்று சாயங்காலம் மனைவி டிவியைப் போட்டுவிட்டு, அடுப்படி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். தராசு அடுப்படிக்குள் போய் ஜன்னலை முழுசாகத் திறந்தார். பிறகு அடுப்பின் திருகைப் பற்றவைக்காமல் திருப்பினார்.

அந்த அழுகல் நாற்றம் அவருக்குப் பழகிய நாற்றம். பத்து எண்ணுவதற்குள் அவர் மூக்கைப் பிடித்தது. மனைவி ஒரு துண்டை மடித்தார். இருபது. ஒரு சட்டையை உதறி, காலரை நீவி, இரண்டாக மடித்தார். தலைகூடத் திரும்பவில்லை. முப்பது எண்ணுவதற்குள் கீழே இருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது: “யாரு வீட்லங்க கேஸ் லீக்கு? இங்கவரைக்கும் அடிக்குது!”

அவர் திருகை மூடிய அதே நொடியில் மனைவி திரும்பினார். திறந்த ஜன்னலைப் பார்த்தார். திருகின்மேல் இருந்த கையைப் பார்த்தார்.

“சோதிச்சுப் பாத்தீங்களா?”

மனைவி மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் அவசியத்துக்கு மட்டும்தான் பேச்சு. “தண்ணி.” “சாவி.” “மகள் பேசினா.” வெளியே சந்தேகப்பட ஆயிரம் இருந்தும், அவர் மனசு திரும்பத் திரும்ப அந்த அடுப்படிக்கே போனது. சிலிண்டர் தூக்கும்போது தோள் வலிக்காத மனிதருக்கு அந்த வாரம் தோள் வலித்தது. பத்தாம் நாள் லீவு போட்டுவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, “கிளம்பு” என்றார். மனைவி கிளம்பினார்.

சிலருக்கு ஆறு மாசத்தில் திரும்பும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்குத் திரும்பாமலேயும் போகலாம் என்றார் டாக்டர். தினம் காலையும் மாலையும் எலுமிச்சைத் தோல், கிராம்பு, காபித்தூள், சோப்பு என்று நாலை முகர்ந்து பழக வேண்டும். தராசு நாலு சின்ன டப்பா வாங்கினார். மறுநாளே சிலிண்டரைக் கழற்றி ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு, கரண்ட் அடுப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏஜென்சியில் ஒருவரும் நம்பவில்லை. “என்ன தராசு, நம்ம பொழப்புலயே மண்ணா?” என்றார்கள்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி ஸ்கூட்டர்காரர் சாப்பாடு. மற்ற நாலு நாள் வீட்டுச் சமையல். நறுக்குவதும் தாளிப்பதும் மனைவி. கரண்டியில் எடுத்து ஊதி, நாக்கில் வைத்து, உப்பு போதுமா என்று சொல்வது அவர். முதலில் எதற்கெடுத்தாலும் “பிரமாதம்” என்றார். “உண்மையைச் சொல்லுங்க, எனக்கு உங்க நாக்குதான் இருக்கு” என்று மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் குறை சொல்ல ஆரம்பித்தார்.

பழைய குணம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பேங்க் அம்மா வீட்டு சிலிண்டர் இந்த முறை ஐந்து மாசம் வந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது அந்த அம்மா பார்சல் டப்பாவைக் காலால் மேஜைக்கடியில் தள்ளியதைப் பார்த்துவிட்டார். எடை காட்டி, வாஷரைச் சோதித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு, வாசலில் தயங்கி நின்றார்.

“உங்களுக்கு இந்த கேஸ் வாசனையெல்லாம் நல்லாத் தெரியுதுங்களாம்மா?”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தது. “ஏன், லீக் ஆகுதா? நீங்க கொண்டு வந்ததுதானே? எதுக்கும் இன்னொரு தடவை எடை போட்டுக் காட்டுங்க.”

அவர் சிலிண்டரை மறுபடியும் கொக்கியில் மாட்டித் தூக்கினார்.